நூறு முட்டை, ஒரு முட்டை

நீலாங்கரையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டபோது மணி பதினொன்றரை. 2025 பிப்ரவரி 22, சனிக்கிழமை இரவு. பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் ஈரமணலில் நடக்க வேண்டும். "டார்ச் வேணாங்கா, போனையும் உள்ள வெச்சிருங்க. வெளிச்சம் பட்டா ஆமை கரை ஏறாம திரும்பிடும்" என்றான் முன்னால் போன கல்லூரிப் பையன். சென்னை மாணவர்கள் 1988-லிருந்து ஆமைப் பருவம் முழுக்க இப்படி இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துக் காக்கிறார்கள். முதல் அணியில் நடந்தவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம். வாரக் கடைசியில் என்னைப் போல வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஆமையைப் பார்த்துவிட்டு அப்படியே பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குப் போய் இருவாச்சிப் பறவையையும் பார்த்துவிடலாம் என்பது என் திட்டம். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்ததற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது, இரண்டுக்கும் அதுதான் பருவம். ஆனால் போகப் போக ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் மற்றது குறுக்கே வந்து நின்றது. நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் கடலுக்குள் போய்விடுகிற தாய் ஒருத்தி. ஒன்றிரண்டு முட்டைக்காக மரப்பொந்துக்குள் தன்னையே வைத்துப் பூசி அடைத்துக்கொள்கிற தாய் இன்னொருத்தி. இரண்டு வம்சமும் இன்றுவரை பிழைத்திருக்கின்றன என்பதால் இரண்டு கணக்கும் சரியான கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

பாலவாக்கம் தாண்டியதும் முதல் ஆமை கிடந்தது. செத்த ஆமை. ஓடு இரண்டடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கிப்போயிருந்தது. பையன் குனிந்து டேப் வைத்து அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டான். "மடியில மாட்டியிருக்கும்கா" என்றான். ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவை மடிவலைக்குள் சிக்கினால், மடி மேலே வருகிற வரை மூச்சு தாங்காது. அந்த ஜனவரியில் மட்டும் சென்னையைச் சுற்றியுள்ள கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இப்படி ஒதுங்கியிருந்தன. நாங்கள் அன்றிரவு மூன்று உடல்களைத் தாண்டினோம்.

கொட்டிவாக்கத்தில் பையன் சட்டென்று கையை உயர்த்தினான். டிராக்டர் சக்கரம் ஏறிப்போன மாதிரி ஒரு தடம் தண்ணீரிலிருந்து மேலே போயிருந்தது, திரும்பி வந்த தடம் இல்லை. முப்பதடி தள்ளி உட்கார்ந்துகொண்டோம். பின்னங்கால் துடுப்பு ஒன்று குழிக்குள் இறங்கும், கிண்ணம் போல வளைந்து மண்ணை அள்ளிக்கொண்டு வெளியே வரும், மண்ணை ஓரமாக வைக்கும். பிறகு அடுத்த கால். தான் தோண்டும் குழியை அது ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கழுத்து குறுகலாக, அடி அகலமாக ஒரு மண்குடத்தை மணலுக்குள் செய்து முடித்தது. முட்டையிட்டு, மூடி, பிறகு உடம்பை இடமும் வலமும் தூக்கித் தூக்கிப் போட்டு மணலைத் தட்டிக் கெட்டியாக்கியது. அந்தத் தொப் தொப் சத்தம் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்த வழியே போயிற்று.

மாணவர்கள் கையால் மணலை விலக்கி எண்ணி எடுத்தார்கள். 112. பிங்பாங் பந்து அளவு, ஆனால் தோல் போல மிருதுவான ஓடு. துணிப்பையில் குழியின் மணலையும் கொஞ்சம் போட்டு, பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அப்படியே விட்டால் தெருநாய் தோண்டும். தப்பிப் பொரிந்த குஞ்சை நண்டும் காக்கையும் பிடிக்கும், கடலுக்குள் போனதை மீன் விழுங்கும். ஆயிரத்தில் ஒன்று கரை சேர்ந்தால் பெரிது என்பது ஆமைக்காரர்கள் எல்லோரும் சொல்கிற கணக்கு. அந்த ஒன்று முட்டையிட வளர்ந்து வர பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும்.

மறுநாள் இரவு ரயிலில் படுத்துக்கொண்டு இந்தக் கணக்கையே உருட்டிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சியில் இறங்கியபோது தூங்காத கண்ணோடுதான் இறங்கினேன்.

ஆனைமலையில் தோழியின் மாமனாருக்குத் தென்னந்தோப்பு. எண்பத்திரண்டு வயது. "வாங்க அம்மிணி. மொதல்ல எளநியக் குடிங்க, பேச்சு பொறவு" என்று வரவேற்றார். தோப்பில் நெட்டையும் உண்டு, குட்டையும் உண்டு. நடுவே ஊடுபயிராக வாழை. உயிரியல் புத்தகம் அத்தியாயம் அத்தியாயமாக விளக்குகிற சங்கதியை அவர் வரப்பில் நின்றபடி சொல்லி முடித்துவிட்டார். "நெட்டை இருக்குதுங்களே, ஆறேழு வருஷம் சும்மா நிக்கும். ஒண்ணுங் காய்க்காது. ஆனா காய்ச்சுதுன்னா அறுபது எழுபது வருஷம் நிக்கும், எங்கப்பாரு வெச்சது இன்னும் நிக்குது பாருங்க. குட்டை மூணு நாலு வருஷத்துல பாளை தள்ளீரும். நாப்பது தாண்டறது செரமம்." சீக்கிரம் காய்க்கும் மரம் சீக்கிரம் போய்விடும், நின்று நிதானித்துத் தண்டுக்கும் வேருக்கும் செலவழித்த மரம் நீண்டு நிற்கும். கையில் இருக்கும் பணம் ஒன்றுதான், அதை உடம்புக்குப் போடுவதா பிள்ளைக்குப் போடுவதா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் முழுசாகப் போட எந்த உயிருக்கும் வசதியில்லை.

"நீங்க இப்ப வெச்சா எதை வெப்பீங்க?" என்று கேட்டேன். போன ஆடியில் நட்ட இருபது கன்றுகளைக் காட்டினார். எல்லாம் நெட்டை.

வாழையைப் பற்றி நான் கொஞ்சம் மேதாவித்தனமாக, "இது ஒரே தடவை குலை தள்ளிட்டுச் செத்துப்போற ஜாதி இல்லையா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "வாழை எங்கீங்க சாவுது? கெழங்கு மண்ணுக்குள்ள கெடக்குதில்ல? மேல நிக்கிறதத்தான் நாம வெட்டறோம்." வாழையடி வாழை என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்கிறோம், அதன் பொருளை ஒரு தோப்புக்காரர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. உண்மையிலேயே ஒரே முறை பூத்து அடியோடு சாகிற மரம் வேண்டுமானால் தாளிப்பனையைச் சொல்லலாம். முப்பது ஆண்டிலிருந்து எண்பது ஆண்டு வரை ஓலை ஓலையாகச் சேமித்து, ஒரு முறை உச்சியில் பூத்து, காய் முதிர்ந்ததும் நின்ற இடத்திலேயே பட்டுப்போகும்.

தென்னையா, தாளிப்பனையா? இதில் எது புத்திசாலித்தனம் என்று 1954-ல் லாமான்ட் கோல் என்ற அமெரிக்கர் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு சிக்கலை முடிந்து வைத்தார். ஒரு செடி ஆண்டுக்கு 100 விதை போட்டுச் சாகாமலே வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று முதல் ஆண்டிலேயே 101 விதை போட்டுச் செத்துவிடுகிறது. அடுத்த ஆண்டு முதல் செடியின் பக்கம் அதையும் சேர்த்து 101 உயிர், இரண்டாவதன் பக்கமும் 101 உயிர். அதாவது சாகாவரம் என்பதன் விலை வெறும் ஒரு விதை. அப்படியானால் தென்னை ஏன் எழுபது ஆண்டு நிற்க வேண்டும்? யானை ஏன் அறுபது ஆண்டு வாழ வேண்டும்? இந்த முடிச்சை 1973-ல் சார்னோவ், ஷாஃபர் என்ற இருவர் அவிழ்த்தார்கள். கோலின் கணக்கில் எல்லா விதையும் பிழைக்கிறது. நிஜத்தில் விதையில் சாவு மிகுதி. ஆயிரம் விதைக்கு ஒன்றுதான் தேறும் என்றால், வளர்ந்து நிற்கும் செடி இன்னும் ஓராண்டு தாக்குப்பிடிப்பது ஆயிரம் விதைக்குச் சமம். குட்டிக் காலத்தில் சாவு அதிகம், வளர்ந்தபின் குறைவு என்றால் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பத் திரும்பப் பெறுவது லாபம். வளர்ந்தபின்தான் ஆபத்து என்றால் சீக்கிரம் பெற்று முடிப்பது லாபம். ஆக, சாவு வாழ்நாளின் எந்த வாசலில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

கொட்டிவாக்கத்து ஆமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது ஒன்றும் அலட்சியமான தாய் கிடையாது. அதன் முதலீடு முழுவதும் அந்த இரண்டடி ஓட்டுக்குள் இருக்கிறது.

தோப்பின் சிமெண்டுத் தொட்டியில் குட்டி மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. "டெங்கு வந்த வருஷம் கொசுப்புழுவத் திங்கறதுக்குன்னு விட்டுட்டுப் போனாங்க. ரெண்டு கை மீனுதான் விட்டது, இப்பப் பாருங்க" என்றார் பெரியவர். கப்பி மீன். முட்டையிடாமல் குட்டியாகவே போடுகிற இந்த மீனுக்குச் சொந்த ஊர் தென்னமெரிக்கக் கரையோரமும் டிரினிடாட் தீவும். சாவு நிற்கும் இடத்தை மாற்றினால் உயிரின் கணக்கும் மாறுமா என்பதை மனிதர்கள் கண்ணால் பார்த்தது இந்த மீனை வைத்துத்தான், அதனால் தொட்டியருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

டிரினிடாட்டின் வடக்கு மலைகளில் ஓடைகள் அருவியாக இறங்குகின்றன. அருவிக்குக் கீழே, வளர்ந்த கப்பியைப் பிடித்துத் தின்னும் பெரிய மீன்கள் உண்டு. அருவிக்கு மேலே அவற்றால் ஏற முடியாது. அங்கே இருப்பது ஒரு சிறு மீன், அது பெரும்பாலும் பொடிக் கப்பிகளையே தின்னும். கீழே உள்ள கப்பிகள் சின்ன உடம்பிலேயே வயதுக்கு வந்து, நிறையக் குட்டிகளை, சிறிய குட்டிகளாகப் போடும். மேலே உள்ளவை நிதானமாக வளர்ந்து, கொஞ்சமாக, பெரிய குட்டிகளாகப் போடும். 1976-ல் ஜான் எண்ட்லர் கீழ்ப்பக்கத்துக் கப்பிகளைப் பிடித்துக்கொண்டுபோய், மேலே கப்பியே இல்லாத ஓர் ஓடையில் விட்டார். பதினோரு ஆண்டு கழித்து டேவிட் ரெஸ்னிக்கும் அவர் கூட்டாளிகளும் பார்த்தபோது அவற்றின் சந்ததி மாறியிருந்தது. தாமதமாக வயதுக்கு வந்தன, குறைவாக, பெரிதாகப் பெற்றன. தண்ணீரோ தீனியோ செய்த மாயமாக இருக்குமோ என்று சோதனைச்சாலைத் தொட்டியில் ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தார்கள். வித்தியாசம் அப்படியே இருந்தது, பரம்பரையிலேயே ஊறிவிட்டது. 1990-ல் வெளியான அந்த ஆய்வு முப்பது முதல் அறுபது தலைமுறைக்குள் இது நடந்ததாகச் சொல்கிறது.

இதை இனப்பெருக்க உத்தி என்று தமிழில் எழுதுகிறோம். எனக்கு அந்த உத்தி என்ற சொல் எப்போதும் கொஞ்சம் உறுத்தும். யோசித்துத் திட்டம் போடுகிற ஆள் உள்ளே யாரோ இருப்பது போலத் தொனிக்கிறது. எந்தக் கப்பியும் யோசிக்கவில்லை. நிதானமாக வளர்ந்தவை கீழே தின்னப்பட்டன, மேலே பிழைத்துப் பெருகின. அவ்வளவுதான் நடந்தது.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டையூசி வளைவு. ஒன்பதாவது வளைவில் தடுப்புச்சுவரின் மேலேயே ஒரு வரையாடு நின்றது, காலடியில் ஒரே ஒரு குட்டி. பேருந்தில் இருந்த அத்தனை போன்களும் ஜன்னலுக்கு வெளியே நீண்டன. ஆழியாறு அணையின் தண்ணீர் கீழே தகடு போலக் கிடந்தது. அதைப் பார்த்தவர் ஒருவருமில்லை, நான் உட்பட.

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சோலைமந்திகளைத் தேடிப் போகத் தேவையில்லை, அவையே வீட்டுக் கூரைக்கு வந்துவிடும். சாலையின் இரு பக்க மரங்களையும் இணைத்துப் பழைய தீயணைப்புக் குழாய்களால் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். வாகனத்தில் அடிபடாமல் மேலேயே கடந்து போவதற்கு. ஒரு தாய் குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு பாலத்தில் போனது. பிடரி வெள்ளை, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல் குஞ்சம். சமவெளிக் கோயில்களில் தேங்காய் பிடுங்கும் நாட்டுக்குரங்குக்கு இது நெருங்கிய சொந்தம். ஆனால் நாட்டுக்குரங்கு சீக்கிரமே தாயாகி அடுத்தடுத்துப் பெறும். சோலைமந்திக்கு முதல் குட்டி பிறக்கவே ஆறு வயது தாண்டிவிடும், அதன் பிறகு ஒவ்வொரு குட்டிக்கும் நடுவே மூன்றாண்டையொட்டி இடைவெளி. மழைக்காட்டு உச்சியில், வருஷம் முழுக்கப் பழம் கிடைக்கிற, ஆபத்து குறைந்த ஓர் உலகத்துக்கான கணக்கு அது. அந்த உலகத்தின் நடுவே இப்போது தார்ச்சாலை போகிறது. லாரியில் அடிபட்டு ஒரு நாட்டுக்குரங்கு செத்தால் கூட்டம் அதைச் சீக்கிரம் ஈடுகட்டிவிடும். வளர்ந்த சோலைமந்திப் பெண் ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்பப் பத்தாண்டு பிடிக்கும்.

என் பாட்டி பெற்றது ஒன்பது, நின்றது ஐந்து. அம்மா மூன்று. நான் ஒன்று. பாலத்தைக் கடக்கும் மந்தியைப் பார்த்துக்கொண்டே இதையும் நினைத்தேன் என்பதை மறைப்பானேன். ஆனால் இதைக் கப்பியோடு சேர்த்துவிடக் கூடாது. இரண்டு தலைமுறையில் நேர்ந்த இந்த மாற்றம் பரம்பரையில் ஊறியது கிடையாது. தடுப்பூசியும் பள்ளிக்கூடமும் பெண்கள் கையில் வந்த சம்பளமும் செய்தது. பாட்டியின் நான்கு பிள்ளைகள் எந்த வயதில் போனார்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். எல்லாம் ஐந்து வயதுக்குள்.

இருவாச்சியைக் காட்ட வந்தவர் காடர் பழங்குடி இளைஞர், பறவை ஆய்வாளர்களோடு பல பருவம் காட்டில் அலைந்தவர். விடியுமுன் எஸ்டேட்டை ஒட்டிய சோலைத் துண்டுக்குள் கூட்டிப் போனார். "கூட்டு மரத்துக்கு ரொம்பக் கிட்டப் போகக் கூடாதுக்கா. நம்மளப் பாத்தா ஆண் வராது, வராட்டி உள்ள இருக்கிறது பட்டினி" என்றார். ஐம்பது மீட்டர் தள்ளி, செடிமறைவில், அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு காத்திருந்தோம்.

சத்தம்தான் முதலில் வந்தது. பழைய நீராவி எஞ்சின் மூச்சு விடுவது போல, சிறகுச் சத்தம். வந்து மரத்தைப் பற்றிக்கொண்ட ஆண், நான்கடி நீளம், மஞ்சளும் கறுப்புமாக ஒரு கிரீடம், சிவந்த கண். மரத்தில் ஒரு கோடு போலப் பிளவு மட்டும் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் பூசி அடைக்கப்பட்டிருந்தது. பெண் உள்ளேயிருந்தபடி தன் எச்சத்தையும் பழக்கூழையும் குழைத்துப் பூசியது. ஆண் தொண்டையை ஒரு குலுக்குக் குலுக்கும். அலகு நுனியில் ஓர் அத்திப்பழம் தோன்றும். பிளவில் நீட்டும். உள்ளிருந்து ஓர் அலகு நுனி அதை வாங்கிக்கொள்ளும். மறுபடி குலுக்கல், மறுபடி ஒரு பழம். எண்ணினேன், முப்பத்தொன்று. கடைசியாக ஒரு ஓணானும் போயிற்று. பிறகு ஆண் அலகை மரக்கிளையில் துடைத்துவிட்டு, வந்த சத்தத்தோடு போய்விட்டது.

உள்ளே இருப்பவளின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடைபட்டதும் பறக்கும் இறகுகளை உதிர்த்துவிடுகிறாள். கதவைத் திறந்துவிட்டாலும் பறக்க முடியாது. முட்டை பொரியவே நாற்பது நாளை ஒட்டி ஆகும், குஞ்சு வெளியே பறந்துவர மொத்தம் நான்கு மாதம். குஞ்சு பாதி வளர்ந்தபின் தாய் உடைத்துக்கொண்டு வெளியே வந்து, தானும் இரை தேடப் போவாள். குஞ்சு அந்தப் பிளவை உள்ளிருந்து தானே திரும்ப அடைத்துக்கொள்ளும். அடைபட்டிருக்கும் வாரங்களில் வெளியே உள்ள ஒரே ஒருவன் வேட்டைக்கோ மின்கம்பிக்கோ பலியானால் உள்ளே தாயும் முட்டையும் கதியற்றுப் போகும். இவ்வளவு பாதுகாப்பான கூட்டுக்கு விலை, இவ்வளவு முழுமையான நம்பிக்கை. ஒன்றிரண்டு முட்டையிட்டாலும் பெரிய இருவாச்சியில் பொதுவாக ஒரு குஞ்சுதான் வெளியே வரும். ஒரு பறவை எத்தனை முட்டையிட முடியும் என்று பார்க்காதே, எத்தனை வாய்க்கு ஊட்ட முடியும் என்று பார் என்று 1947-ல் டேவிட் லாக் எழுதினார். அந்த முப்பத்தொரு பழமும் ஒரு ஓணானும்தான் அதன் கணக்கு.

"முட்டை ஏன் ஒண்ணுன்னு எல்லாரும் கேக்குறாங்கக்கா. மரம் எத்தனைன்னு யாரும் கேக்கல" என்றார் இளைஞர். இருவாச்சிக்குப் பொந்து குடைய வராது. கிளை முறிந்து, உள்ளே உளுத்து, தானாகப் பொந்து விழுந்த கிழட்டு மரம் வேண்டும். 1890-களில் தொடங்கி இந்த மலையின் காடு தேயிலைக்கும் காபிக்கும் வெட்டப்பட்டபோது போனவை அந்த மரங்கள்தான். இன்று நட்டால் பொந்து விழ எத்தனை தலைமுறை ஆகும் என்று தென்னை வைத்த பெரியவரிடம்தான் கேட்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து வாழச்சாலில், ஒருகாலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து உண்ட காடர்களே இன்று வனத்துறையோடு சேர்ந்து கூடுகளுக்குக் காவலிருக்கிறார்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

திரும்பும்போது மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கினேன். குறிஞ்சியைப் பற்றி எழுதமாட்டாயா என்று நண்பர்கள் கேட்பார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, அடுத்தது 2030, எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு வழியில் பட்டது மூங்கில். அதுவும் ஒரே முறை பூத்துச் சாகிற ஜாதி, ஆனால் தாளிப்பனை போலத் தனித்தனியே பூக்காமல் காடே ஒன்றாகப் பூக்கும். ஏன் இத்தனை ஆண்டு காத்திருந்து எல்லாம் ஒன்றாக? எலியும் பறவையும் பன்றியும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே நேரத்தில் அரிசியைக் கொட்டினால் மிச்சம் முளைக்கும் என்று 1976-ல் டேனியல் ஜான்சென் விளக்கினார். தின்பவர்களின் வயிற்றை ஒரேயடியாக நிரப்பிவிடுகிற தந்திரம். நடுவில் உள்ள ஆண்டுகளில் விதையே கிடையாது, ஆகவே அதை நம்பி எந்த எலிக்கூட்டமும் பெருக முடியாது.

மிசோரத்தின் மெலோகன்னா மூங்கிலுக்கு 48 ஆண்டுக் கெடு. 1959-ல் அது பூத்தது. எலியின் கணக்கு மூங்கிலுக்கு நேர் எதிர். மூன்று வாரக் கர்ப்பம், ஒரு ஈற்றில் ஆறேழு குட்டி, தீனி கிடைத்தால் உடனே அடுத்தது. மூங்கில் விதையில் பெருகிய எலிகள் விதை தீர்ந்ததும் நெல்வயலில் இறங்கின. மௌதாம் என்று மிசோ மக்கள் பெயரிட்டிருக்கும் பஞ்சம் அது. நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பிலிருந்து லால்டெங்காவின் மிசோ தேசிய முன்னணி பிறந்தது. 1966-ல் கிளர்ச்சி, இருபதாண்டு கழித்து 1986-ல் ஒப்பந்தம். ஒரு புல்லின் பூப்புக்கும் ஒரு மாநிலத்தின் பிறப்புக்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு வேறெங்காவது இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லலாம். 2007-ஐ ஒட்டி மறுபடி பூத்தபோது அரசுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அப்போதும் பயிர் போயிற்று.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். மதியம் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பையனிடமிருந்து போன். "உங்க கூடு பொரிஞ்சிருச்சுக்கா." 51 நாள் ஆகியிருந்தது. பெசன்ட் நகருக்குப் போனபோது கூடைக்குள் 94 குஞ்சுகள், உள்ளங்கையில் இரண்டு கொள்ளும் அளவில், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நீந்திக்கொண்டிருந்தன. இருட்டியதும் அலைக்குப் பத்தடி முன்னே மணலில் விட்டோம். நேராகத் தண்ணீருக்குள் விடக் கூடாதாம், கொஞ்ச தூரம் தானே நடக்க வேண்டும். சுற்றி நின்ற குழந்தைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டிவிட்டு ஒரு பழைய கணக்கைப் பையனிடம் சொன்னேன், அவனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1987-ல் அமெரிக்காவில் டெபோரா கிரௌஸ், லாரி கிரௌடர், ஹால் காஸ்வெல் மூவரும் பெருந்தலை ஆமைகளின் வாழ்நாளைப் பருவம் பருவமாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். ஒரு முட்டைகூட வீணாகாமல் காப்பாற்றினாலும் அந்தக் கூட்டம் குறைந்துகொண்டேதான் போகும், வளர்ந்ததும் வளர்ந்துகொண்டிருப்பதும் மடியில் சாவதைக் குறைத்தால்தான் ஏறும் என்று விடை வந்தது. முட்டையில் சாவது ஆமையின் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்ட செலவு, அதனால்தான் நூறு இடுகிறது. வளர்ந்தபின் சாவது அதன் கணக்கிலேயே இல்லாத செலவு. இறால் மடியில் ஆமை வெளியேற வழி வைக்கும் கம்பிச் சட்டத்தை அமெரிக்கா கட்டாயமாக்கியதில் இந்தக் கணக்குக்குப் பங்குண்டு. நம் மடிகளில் அது இல்லை என்பதால் 2019-லிருந்து நம் கடல் இறாலை அவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். நமக்கும் விதி இருக்கிறது, ஆமைப் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை மடி கூடாது. நாங்கள் பிப்ரவரியில் தாண்டிப்போன மூன்று உடல்களும் அந்த விதி இருக்கும்போது வந்தவைதான்.

"அப்ப நாங்க நடக்கறது வேஸ்டாக்கா?" என்று பையன் கேட்டான், சிரித்துக்கொண்டுதான். இல்லை என்றேன். முப்பத்தேழு ஆண்டாக இவர்கள் நடக்காவிட்டால் செத்து ஒதுங்கிய ஆமைகளை அளந்து எழுதிவைக்கக்கூட ஆளிருந்திருக்காது. ஆனால் பொரிப்பகத்தில் நாம் எடுக்கும் சிரத்தையில் பாதியாவது மடியின் வாயில் எடுக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் மாணவர்கள் கிடையாது.

மறுநாள் ஏப்ரல் 15. மீன்களின் இனப்பெருக்க காலத்துக்கென்று ஆண்டுதோறும் விதிக்கப்படும் 61 நாள் தடை தொடங்கியது, காசிமேட்டில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டார்கள். ஜூன் 14-ல் அது முடியும். ஆமைகள் கரைக்கு வரும் ஜனவரியும் பிப்ரவரியும் அந்த 61 நாளுக்குள் இல்லை.